வர வேண்டியதில்லை என்பதும் வரக் கூடாது என்பதும்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், வெளிநாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கான உதவி மேசையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பெரம்பூரில் வீடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது ஆங்கிலம் பேசப் பயம் இருந்தது, ஆனால் இலக்கணம் தெரியும் என்ற தைரியமும் இருந்தது. மஸ்ட், ஷுட், ஹேவ் டு எல்லாவற்றுக்கும் எதிரே என் பள்ளி நோட்டில் ஒரே அர்த்தம்தான் எழுதியிருந்தேன்: வேண்டும். அந்த ஒரே அர்த்தம் என்ன செய்தது என்று ஐந்தாவது மாதத்தில் தெரிந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெரியம்மா சிகிச்சைக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மறுநாள் காலை அவருக்கு ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது, வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிடாமல் வரட்டுமா என்று இரவு வாட்ஸ்அப்பில் கேட்டார். ‘வெறும் வயித்தோட வர வேணாம்’ என்று எனக்குள் தமிழில் ஓடியது. ‘வேணும்’ என்றால் மஸ்ட், ‘வேணாம்’ என்றால் மஸ்ட் நாட். ‘யூ மஸ்ட் நாட் கம் ஃபாஸ்டிங்’ என்று அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று, அதே காலையில் அவருக்கு வயிற்று ஸ்கேனும் இருந்தது. அதற்கு வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று ஸ்கேன் கவுன்டரில் மாலையே சீட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரியம்மாவின் கையில் இரண்டு உத்தரவுகள். என்னுடையது பிந்தி வந்தது, அதோடு அது தடை போட்டது: சாப்பிடாமல் வரவே கூடாது. மருத்துவர் ஏதோ காரணத்தோடு மாற்றியிருக்கிறார் என்று நினைத்து, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், ஸ்கேனில் சரியாகத் தெரியாது. ஸ்கேன் மறுநாளுக்குப் போனது.

அவர் கோபப்படவில்லை. போனில் என் செய்தியைக் காட்டி, “நான் பட்டினியாக வர வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்தாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சொன்ன வார்த்தை டோன்ட் ஹேவ் டு. “ஆமாம் மேடம், அதேதான், ரெண்டும் ஒண்ணுதானே” என்றேன். “இல்லை மகளே, நீ எனக்குத் தடை போட்டுவிட்டாய்” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். அப்புறம் புரிந்தது. மஸ்ட், ஹேவ் டு இரண்டும் ‘வேண்டும்’ என்ற பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். ‘யூ மஸ்ட் பே’, ‘யூ ஹேவ் டு பே’ எதைச் சொன்னாலும் பணம் கட்டியாக வேண்டும். ‘நாட்’ சேர்ந்தவுடன் இரண்டும் எதிரெதிர் மூலைக்குப் போய்விடும். மஸ்ட் நாட் என்றால் கூடாது. டோன்ட் ஹேவ் டு என்றால் வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் செய்யலாம். நீட் நாட் என்பதும் வேண்டியதில்லைதான், பேச்சில் டோன்ட் நீட் டு என்பார்கள்.

தமிழில் நமக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. ‘கூடாது’ தனி, ‘வேண்டியதில்லை’ தனி, ‘தேவையில்லை’ தனி. சிக்கல் ‘வேண்டாம்’ என்ற வார்த்தையில் இருக்கிறது. ‘அந்த மாத்திரையப் போட வேணாம்’ என்றால் போடாதே என்றும் கொள்ளலாம், போட அவசியமில்லை என்றும் கொள்ளலாம். எதிரில் நிற்பவரின் முகத்தையும் குரலையும் வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம். எழுத்தில் முகம் கிடையாது. அதனால் நான் பழகிக்கொண்ட முதல் வழக்கம் இது: ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன், மனதில் ஓடும் ‘வேணாம்’ என்பதை நிறுத்தி, அது ‘கூடாது’வா, ‘வேண்டியதில்லை’யா என்று தமிழிலேயே மாற்றிக்கொள்வேன். மாற்றிவிட்டால் ஆங்கிலம் தானாக வரும். இதை மட்டும் செய்தாலே பாதித் தவறு போய்விடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது சப்போஸ்ட் டு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒருநாள் வார்டில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் என்னைப் பார்த்து, ‘யூ வேர் சப்போஸ்ட் டு கால் மீ பை டென்’ என்றார். பள்ளியில் ‘சப்போஸ்’ என்றால் ‘வைத்துக்கொள்வோம்’ என்று படித்தவள் நான். கணக்கில் வருமே, எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அந்த சப்போஸ். பத்து மணிக்குள் கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம் என்று ஏதோ சொல்கிறார் என நினைத்து, ‘ஓகே சார்’ என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற சிஸ்டர்தான் சொன்னார்: “டாக்டர் திட்டிட்டுப் போறார்மா. பத்து மணிக்குள்ள நீ கூப்பிட வேண்டியதுதானே, ஏன் கூப்பிடலைன்னு கேக்குறார். போய் சாரி சொல்லு.”

கூப்பிட வேண்டியது. சிஸ்டர் சொன்ன அந்த ஒரு சொல்தான் எனக்கு அகராதி. பி சப்போஸ்ட் டு என்பதற்கு ‘வேண்டும்’ பொருந்தாது, ‘வேண்டியது’தான் பொருந்தும். முன்னமே பேசி வைத்தது, விதியில் இருப்பது, ஏற்பாடானது, பிறர் எதிர்பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ‘ஐ ஆம் சப்போஸ்ட் டு மீட் ஹிம் அட் ஃபோர்’ என்றால் நாலு மணிக்கு அவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. இதையே கடந்த காலத்தில் வாஸ், வேர் போட்டுச் சொன்னால், பெரும்பாலும் அது நடக்கவில்லை என்று அர்த்தம். ‘ஆறு நாப்பதுக்கு வர வேண்டிய வண்டி’ என்று பெரம்பூர் பிளாட்பாரத்தில் ஒருவர் சொன்னால், வண்டி வந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்களா? வரவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாஸ் சப்போஸ்ட் டு அதே மாதிரிதான். அதனால்தான் மருத்துவர் ‘ஏன்’ என்ற வார்த்தையே இல்லாமல் என்னைக் கேள்வி கேட்டார். இந்த வாக்கியம் உங்களை நோக்கி வந்தால் ‘ஓகே’ என்று சொல்லாதீர்கள். ஏன் நடக்கவில்லை, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

புரிந்துகொண்ட உற்சாகத்தில் எல்லா இடத்திலும் அதைப் போட ஆரம்பித்தேன். காத்திருக்கும் நோயாளிகளிடம், ‘த டாக்டர் இஸ் சப்போஸ்ட் டு கம் அட் டென்’ என்பேன். மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவர், “சரி, ஆனால் வருவாரா?” என்று கேட்டார். அப்போதுதான் அதற்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ‘பத்து மணிக்கு வர வேண்டியவர்’ என்று நாம் சொன்னால், ‘வருவாரோ என்னவோ’ என்பது பின்னாலேயே வருமல்லவா, அப்படி. நல்ல நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறோம் என்றால் அங்கே ஷுட் போட வேண்டும். ‘ஹி ஷுட் பி ஹியர் பை டென்’ என்றால், பத்து மணிக்குள் வந்துவிடுவார், அப்படித்தான் வழக்கம் என்று அர்த்தம். ஷுட் என்றால் அறிவுரை மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, எதிர்பார்ப்புக்கும் அதே சொல் என்பது புதிதாக இருந்தது. ஆனால் நாமும் ‘இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும்’ என்கிறோம். அது அவருக்குப் போட்ட கட்டளையா என்ன? எதிர்பார்ப்புதான். ‘வேண்டும்’ நம்மிடமும் இரண்டு வேலை பார்க்கிறது.

சப்போஸ்ட் டுவுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு, அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘திஸ் ஹோட்டல் இஸ் சப்போஸ்ட் டு பி குட்’ என்று ஒருவர் சொன்னால், அதில் கடமையும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அந்த ஓட்டல் நல்லா இருக்குமாம். அந்த ‘ஆம்’தான். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை இரண்டே எழுத்தில் முடிக்கும் நம் ‘ஆம்’ வேலையை ஆங்கிலத்தில் பல நேரம் சப்போஸ்ட் டு செய்கிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேச்சில் ‘சப்போஸ் டு’ என்றுதான் காதில் விழும், கடைசி ‘ட்’ அடுத்த சொல்லின் ஓசைக்குள் கரைந்துவிடும். ஆனால் எழுத்தில் இ, டி இரண்டும் இருந்தே ஆக வேண்டும். யூஸ்ட் டுவுக்கும் இதே கதைதான். எங்களிடம் வேலை கேட்டு வருகிற பத்து விண்ணப்பக் கடிதங்களில் பாதியிலாவது இந்த டி இல்லாமல் இருப்பதைப் பார்க்கிறேன், பிள்ளைகள் காதால் கற்றிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். காதால் கற்பது நல்லது. கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாட் சப்போஸ்ட் டு என்பது எங்கள் வேலைக்கு மிகவும் உதவுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒருவர் போனில் படம் எடுக்கிறார். ‘யூ மஸ்ட் நாட் டேக் ஃபோட்டோஸ்’ என்றால் நானே அதட்டுவதுபோல இருக்கும். ‘யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு டேக் ஃபோட்டோஸ் ஹியர்’ என்றால், இங்கே எடுக்கக் கூடாதுங்க, அதுதான் விதி என்று ஆகிவிடும். தடை அதேதான். ஆனால் அது என்னிடமிருந்து வராமல் சுவரிலுள்ள பலகையிலிருந்து வருகிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், இது ‘கூடாது’ பக்கம். இதை ‘வேண்டியதில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ‘யாரிடமிருந்து வருகிறது’ என்பதுதான் மஸ்ட்டுக்கும் ஹேவ் டுவுக்கும் நடுவிலும் இருக்கிறது. மஸ்ட் பெரும்பாலும் பேசுபவரின் வாயிலிருந்து, அவருடைய மனதிலிருந்து வரும் அழுத்தம். ஹேவ் டு வெளியிலிருந்து வருவது: விதி, கட்டணம், விசா, நேரம். ‘யூ மஸ்ட் பே த டெபாசிட் டுடே’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நோயாளிகளின் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் ‘ப்ளீஸ்’ போட்டுப் பார்த்தேன், பயனில்லை. தமிழில் ‘கட்டணும்ங்க’ என்று அந்த ‘ங்க’வைச் சேர்த்தவுடன் கட்டளை வேண்டுகோளாகிவிடுகிறது. நம் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை, எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் மரியாதை. இப்போது ‘யூ வில் ஹேவ் டு’ அல்லது ‘யூ வில் நீட் டு’ என்றுதான் சொல்கிறேன். அந்த ‘ங்க’ இதற்குள் வந்துவிடுகிறது.

அதற்காக மஸ்ட்டையே ஒதுக்கிவிட வேண்டாம். அந்தப் பெரியம்மா ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘யூ மஸ்ட் விசிட் அஸ்’ என்றார். நாம் ‘கண்டிப்பா வீட்டுக்கு வரணும்’ என்கிறோமே, அதே அன்பு. அழைப்பில் மஸ்ட் இனிக்கும். கட்டணக் கவுன்டரில் கசக்கும்.

ஹேட் பெட்டர் (had better) என்பதை மட்டும் நோயாளிகளிடம் சொல்லாதீர்கள். ‘பெட்டர்’ இருப்பதால் ‘ஓய்வு எடுத்தால் நல்லது’ என்ற கனிவு அதில் இருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் எச்சரிக்கை: எடுக்கவில்லையென்றால் விபரீதம். பெரியவர்களிடம் சொன்னால் மிரட்டுவதுபோலக்கூடக் கேட்கும்.

கடந்த காலத்துக்கு வருகிறேன். இங்கே தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மஸ்ட்டுக்குத் தனியாகக் கடந்த காலம் இல்லை. நேற்று போக வேண்டியிருந்தது என்பதற்கு ஹேட் டு. போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை என்பதற்கு ஷுட் ஹேவ். போயிருப்பார் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது என்பதற்கு மஸ்ட் ஹேவ். இப்போது தமிழில் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘காலையில மாத்திரை போட்டிருக்கணும்.’ போடவில்லையே என்ற ஆதங்கமும் அதுதான், போட்டிருப்பார் என்ற ஊகமும் அதுதான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு பெண் இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, ‘ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் த டேப்லெட்’ என்று வெளிநாட்டு நோயாளியின் மகனிடம் சொன்னதை நான் கேட்டேன். அவள் சொல்ல நினைத்தது, அவர் போட்டிருக்க வேண்டும், போடாமல் விட்டுவிட்டார் என்பது. மகன் புரிந்துகொண்டது, அப்பா போட்டுவிட்டார் என்பது. நல்லவேளையாக அங்கேயே நின்றிருந்ததால் திருத்தினேன்.

அன்றிலிருந்து மருந்து, அளவு, நேரம் பற்றிப் பேசும்போது மஸ்ட் ஹேவும் வேண்டாம், ஷுட் ஹேவும் வேண்டாம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். நடந்ததைச் சொல்லுங்கள். எட்டு மணிக்குக் கொடுத்தேன். கொடுக்கவில்லை. தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன். இந்த மூன்றில் ஒன்று போதும்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு கவனமா என்று கேட்டால், இதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு, சட்டப்படி கட்டாயம் இருக்கும் இடத்திலும், மீறினால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் அபூர்வமான இடத்திலும்தான் மஸ்ட் போடுகிறது. தரமணியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, “எங்களுக்கும் ஒண்ணு இருக்குக்கா” என்று லேப்டாப்பில் எடுத்துக் காட்டினான். ஆர்எஃப்சி 2119 என்ற சிறிய ஆவணம், 1997 மார்ச்சில் வந்தது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும்போது மஸ்ட் என்றால் என்ன, ஷுட் என்றால் என்ன என்று வரையறுப்பது மட்டும்தான் அதன் வேலை. மஸ்ட் என்றால் விலக்கே இல்லை. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று முழுதாக யோசித்த பிறகுதான் மீற வேண்டும். ஷுட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. அதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆட் டு (ought to) பற்றி அதிகம் சொல்ல இல்லை, பேச்சில் அது குறைவுதான், பெரும்பாலும் ஷுட் போதும். ஆனால் அதன் பிறப்பு எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ‘ஓ’ (owe) என்றால் கடன்பட்டிருப்பது. அந்த வினையின் பழைய இறந்த காலம்தான் ஆட். நம் மொழியிலும் ‘கடன்’ என்றால் கொடுக்க வேண்டிய பணமும் உண்டு, செய்ய வேண்டிய கடமையும் உண்டு. இவ்வளவு தூரத்திலிருக்கும் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருப்பதைப் பார்த்தபோது, ஆங்கிலம் எனக்கு முதன்முறையாக அந்நியமாகத் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த பிறகு, புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காருகிறேன். இலக்கணப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் சொந்தச் சீட்டுகளையே எடுத்துக்கொள்கிறோம். ‘வெறும் வயிற்றில் வரவும்’, ‘பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டு வரவும்’ என்று இருக்கும். அந்த ‘வரவும்’ எவ்வளவு பண்பான சொல், அதில் அதட்டலே இல்லை. அதைக் கண்ட பிள்ளைகள் உடனே மஸ்ட்டுக்குப் பாய்வார்கள். வேண்டாம் என்று நிறுத்துவேன். ‘ப்ளீஸ் பிரிங்’ என்று ஆரம்பித்தால் போதும், எல்லா ‘வேண்டும்’க்கும் தனியாக ஒரு துணைவினை தேட வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் தமிழிலேயே இரண்டு கேள்வி கேட்கிறோம். இதைச் சொல்வது யார், நானா, மருத்துவரா, விதியா, அல்லது பொதுவான எதிர்பார்ப்பா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? ‘ஒண்ணும் ஆகாதுக்கா’ என்று பதில் வந்தால் அது டோன்ட் ஹேவ் டு. ‘ஸ்கேன் எடுக்க முடியாது’ என்றால் ஹேவ் டு. ‘டாக்டர் கோவிச்சுக்குவார்’ என்றால் சப்போஸ்ட் டு. இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு பெண், வியாசர்பாடிக்காரி, மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக எழுதுகிறாள்.

அந்தப் பெரியம்மா மறுவருடமும் பரிசோதனைக்கு வந்தார். அதே சர்க்கரைப் பரிசோதனை, அதே ஸ்கேன், ஒரே காலையில். இந்த முறை இரண்டு கவுன்டரிலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு நானே அனுப்பினேன். சர்க்கரைப் பரிசோதனைக்கு நீங்கள் பட்டினி இருக்க வேண்டியதில்லை, டோன்ட் ஹேவ் டு. ஸ்கேனுக்கு இருக்க வேண்டும், ஹேவ் டு. ஆகவே இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தயவுசெய்து எதுவும் சாப்பிடாமல் வாருங்கள். அனுப்புவதற்கு முன் மூன்று முறை படித்தேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. சரி மகளே, எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுகிறேன், ஸ்கேன் முடிந்ததும் போன தடவை அறைக்கு வாங்கி வந்தாயே, அந்த இட்லி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.